சார்வோலையில் தொடங்கும் வகுப்பு

ஊர்காவற்றுறையில் பிள்ளைகளுக்கென்று ஒரு கலைப் பயிற்சி வகுப்புத் தொடங்க நினைக்கிறவர், பெரும்பாலும் முதலில் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய் வண்ணப் பென்சிலும் சித்திரத் தாளும் வாங்கி வருவார். அதில் பிழையில்லை. ஆனால் அதைவிட நல்ல கலைப்பொருள் வீட்டுக்குப் பின்னால், வடலிக்குள் நிற்கிறது. அதன் பெயர் சார்வோலை.

பனையின் உச்சியில் இன்னும் விரியாமல், ஈட்டி போல் நிமிர்ந்து நிற்கும் இளம் ஓலைதான் சார்வு. வெயில் உள்ளே படாததால் அதில் பச்சையம் ஏறியிருக்காது. நிறம் தந்தம் போல வெளிறியிருக்கும். முற்றிய ஓலையின் விறைப்பும் மேற்பூச்சின் தடிப்பும் அதற்கு இன்னும் வரவில்லை, அதனால் வளைத்தால் வளையும். பனையோலை குருத்துக்குள் மடிப்பு மடிப்பான ஒரே தகடாகவே உருவாகிறது. பிறகு மடிப்புகளின் வழியே நுனிப்பக்கம் கிழிந்து, விரிந்த விசிறியாகிறது. ஒரு விசிறியில் ஏறக்குறைய 60 முதல் 80 வரை இதழ்கள். ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓர் ஈர்க்கு. அதை நீக்கினால் இதழ் ஒன்றுக்கு இரண்டு நாடாக்கள்.

ஓலையின் நார்கள் எல்லாம் அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் ஓடுகின்றன. நீளவாட்டில் நகத்தால்கூடக் கிழிக்கலாம். குறுக்கே கிழிக்கக் கத்தி வேண்டும். இந்த ஒரு குணத்தில்தான் பெட்டி இழைக்கும் தொழிலே நிற்கிறது. எவ்வளவு ஒடுக்கமாகவும் வார்ந்துகொள்ளலாம், இழுவைக்கும் நிற்கும். பசையும் ஆணியும் இல்லாமல் ஒரு பெட்டி நிற்பது உராய்வினால். ஒவ்வொரு நாடாவும் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே போகும்போது மற்ற நாடாக்கள் அதை மாறி மாறி அழுத்துகின்றன. ஒரு சந்திப்பில் பிடி குறைவு. நூறு சந்திப்புகள் சேர்ந்தால் இழுத்தாலும் உருவ முடியாது. பெரிய சுமை தாங்க வேண்டிய கடகத்துக்கு மட்டும் பனைநாரும் வைத்துப் பொத்துவார்கள்.

இங்கே கைவேலையின் இன்னோர் இரகசியம் தண்ணீர். காய்ந்த ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும். ஈரம் உள்ளே போனால் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் இளகி, ஓலை பணிகிறது. உலர்ந்ததும் மடித்த வடிவிலேயே இறுகிவிடுகிறது. தீவகத்தில் சோளகம் வீசும் மாதங்களில் நனைத்த ஓலை கைக்குள்ளேயே காய்ந்துபோகும். பாடசாலையின் ஆகஸ்ட் விடுமுறையும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆகவே வகுப்பைக் காலையிலேயே, காற்று மறைவான திண்ணையில் நடத்துவது நல்லது. பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுமுறையில் ஓவியம் பழகும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. இலங்கைக் கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராக இருந்த வின்ஸரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை 1938இல் ஓர் ஓவியக் கழகம் தொடங்கினார். பின்னர் பெனடிக்ற் நடத்திய கழகத்துக்குப் பெயரே ‘விடுமுறைக்கால ஓவியர் கழகம்’. ஓவியர் மாற்கு அங்கே பயின்றவர். உலக அளவில் சிறுவர் கலை வகுப்புக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது பிரான்ஸ் சிசெக் 1897இல் வியன்னாவில் தொடங்கிய பள்ளி. பெரியவர் வரைந்ததைப் பார்த்து வரைய வைக்காமல், பிள்ளை தானாகச் செய்யட்டும் என்று விட்டவர் அவர்.

ஓலை வகுப்பிலும் அதையே செய்யலாம். முதல்நாள் எடுத்த எடுப்பில் கிளியும் பூவும் செய்யச் சொல்வதை நான் விரும்பவில்லை. ஆசிரியர் பாதி செய்து கொடுக்க, பிள்ளை வால் மட்டும் ஒட்டும் வேலையாக அது முடியும். ஆறேழு வயதுக்குச் சின்னத் தடுக்கு போதும். ஒரு விரல் அகலத்தில் சிவப்புச் சாயம் போட்ட எட்டு நாடா நெடுக்கே, சாயம் போடாத எட்டு நாடா குறுக்கே. ஒன்றுவிட்டு ஒன்று இழைத்தால் சதுரங்கக் கட்டம். இரண்டுவிட்டு இரண்டு எடுத்து, ஒவ்வொரு வரியிலும் ஒன்று தள்ளிப்போனால் சாய்ந்த படி. மூன்றாவது கோலத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும், எண்ணிப் பார்க்கவும் தொடங்கும். மூலை திருப்பிச் சுவர் எழுப்புவது ஒன்பது பத்து வயதுக்குமேல். கடைசியில் மூடியோடு கொட்டைப்பெட்டி. ஈர்க்கு வாரும் கத்தி மட்டும் எந்த வயதிலும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இனிக் காசுக் கணக்கு. பத்துப் பிள்ளைகளுக்குத் தடுக்கு ஒன்றுக்குப் பதினாறாக 160 நாடாக்கள். ஒரு சார்வில் 60 இதழ் என்றால் 120 நாடா. கழிவோடு பார்த்தாலும் இரண்டு சார்வு போதும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓலை மலிவு, ஆகவே கட்டணமும் மலிவாக இருக்கட்டும் என்று தொடங்கி, சில மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். செலவு ஓலையில் இல்லை. சார்வை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சாயம் கொதிக்கவைத்துத் தோய்த்து, ஒரே அகலத்தில் வார்ந்து வைக்கும் பெண்ணின் நேரத்தில் இருக்கிறது. இரண்டு மணிநேர வகுப்புக்குப் பின்னால் அதைவிடக் கூடுதலான மணிநேரம் இருக்கும். இழைக்கத் தெரிந்த அம்மாமார் இன்னும் தீவகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பு நேரத்துக்கு மட்டும் சம்பளம் எழுதுவது அநியாயம், வியாபாரமாகவும் ஓடாது. ஆயத்த நேரத்தையும் கூட்டி, தேநீர்ச் செலவையும் சேர்த்துப் பத்தால் பிரித்தால் வருவதுதான் கட்டணம்.

ஊர்ப் பிள்ளைகளால் அந்தத் தொகை முழுவதையும் கொடுக்க முடியாமல் போகலாம். ஆனால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் குடும்பங்கள் குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு போய்வருவார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஒருநாள் வகுப்பை முழுக் கட்டணத்தில் வைத்து, ஊர்ப் பிள்ளைகளின் வகுப்பில் விழும் குறையை அதால் ஈடுசெய்யலாம். இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே பாயில் இருத்தினால் இன்னும் நல்லது. இழைக்கும்போது மொழி அவ்வளவு தடையாக இராது.

வணிகப் பெயரைப் பதிய ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். பயிற்சிக்கும் விற்பனைக்கும் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையை அணுகலாம். அதன் கற்பகம் விற்பனை நிலையங்களில் எந்தப் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு பின்னேரம் நின்று பார்ப்பதும் பாடம்தான்.

சார்வு வெட்டுவதில் மட்டும் ஓர் ஒழுங்கு வேண்டும். பனைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலைதான் புதிதாக வரும். ஒரே வடலியில் அடுத்தடுத்து வெட்டினால் மரம் தேய்ந்துவிடும். ஆகவே வளவுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, குறைந்தது ஒரு டசின் வடலிகளைச் சுற்றுமுறையில் வைத்துக்கொண்டு, வெட்டிய மரத்தில் சுண்ணாம்பால் திகதி எழுதிவிட வேண்டும்.