அசையும் உருவங்கள் கொண்ட பிரெஞ்சுக் கடிகாரங்கள்

குளிர்காயும் கணப்படுப்பின் மேல்பலகையில் வைப்பதற்கென்றே பிரான்சில் செய்யப்பட்ட கடிகாரங்கள் சிலவற்றில் முட்களோடு உருவங்களும் அசையும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவை இருந்தன. பெண்ணின் மார்பளவுச் சிலையாக அமைந்த ஒரு வகையில், காதணியை இழுத்தால் ஒரு கண்ணில் மணியும் மறு கண்ணில் நிமிடமும் தெரியும். பாரிஸ் கடிகாரக் கலைஞர் லெபீனின் பொறி கொண்ட அத்தகைய ஒன்றை, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இங்கிலாந்து இளவரசர் 1790இல் வாங்கினார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை வேறு முகம் கொண்டது. மன்மதனும் கிரேக்க வீரர்களும் வீற்றிருந்த இடத்துக்குக் காற்றாலையும் கலங்கரை விளக்கமும் கொதிகலனும் வந்து சேர்ந்தன. பிரான்சின் லெ க்ரூசோ இரும்பாலையில் 100 டன் நீராவிச் சம்மட்டி 1877இல் இயங்கத் தொடங்கிய காலம் அது. சம்மட்டி வடிவக் கடிகாரம் வரவேற்பறைக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. இவ்வகையில் பெயர்பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த ஆந்த்ரே ரோமேன் கில்மே.

உருவத்தை அசைக்க விசை வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் சிக்கல். நேரம் காட்டும் பொறி மிகச் சிறிய விசையில் சீராக ஓடுவது. அதில் கொஞ்சம் பிடுங்கினாலும் நேரம் பிசகும். அதனால் காற்றாலையின் இறக்கைகளுக்குத் தனிச் சுருள்வில்லும் தனிப் பல்சக்கர வரிசையும் வைத்தார்கள். இறக்கைகள் நின்றுபோனாலும் கடிகாரம் ஓடும்.

கில்மேயின் கப்பல்தளக் கடிகாரம் இன்னும் சாமர்த்தியமானது. சுக்கானைப் பிடித்து நிற்கும் மாலுமியின் உருவம் ஊசலோடு பிணைந்திருக்கும். கீழே மறைந்திருக்கும் ஊசல் ஆட ஆட, அலையில் தள்ளாடுபவன்போல் மாலுமி இருபுறமும் சாய்வான். ஊசலுக்கு அவன் சுமையல்ல, அதன் ஒரு பகுதி. தனி வில் தேவையில்லை. இத்தனை குறைந்த உறுப்புகளில் இவ்வளவு உயிரோட்டம் வேறு வகைகளில் அரிது.

கண்ணாடிக் கூட்டுக்குள் பாடும் பறவைகள் இதற்கு நேர்மாறு, உறுப்புகள் ஏராளம். துருத்தி காற்றை ஊத, சிறு சீழ்க்கைக் குழாய்க்குள் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்து சுருதியை மாற்றும். எப்போது எவ்வளவு நகர வேண்டும் என்பதை விளிம்பு வெட்டப்பட்ட பித்தளைத் தட்டுகள் தீர்மானிக்கும். அலகும் வாலும் அவற்றின் கட்டளைப்படியே அசையும். பாரிஸின் போன்தாம் குடும்பம் இதில் புகழ்பெற்றது.

இத்தகைய பழங்கடிகாரம் கைக்கு வந்தால் கவனம் வேண்டும். பழைய எண்ணெய் இறுகிய பொறிக்குச் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சுகள் தேயும். பிரித்துச் சுத்தம் செய்த பின்பே ஓட்ட வேண்டும். புது எண்ணெய் அச்சு முனைகளுக்குத்தான். சக்கரப் பற்களில் படக் கூடாது.