மதுரையில் இறங்க வேண்டியவர் விருதுநகரில் கண் விழிக்கலாமா? பயணத்துக்கு ஏற்ற குட்டி அலாரம் கடிகாரம் பார்த்து வாங்குவது எப்படி

மதுரை,

சென்னை எழும்பூரில் இருந்து ராத்திரி புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரசில் வருகிறவர்களுக்குக் கவலை கிடையாது. மதுரைதான் கடைசி நிறுத்தம். அசந்து தூங்கினாலும் பக்கத்து சீட்டுக்காரர் தட்டி எழுப்பி விடுவார்.

நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று தெற்கே போகும் ரெயில்களில் ஏறியவர்கள் பாடுதான் திண்டாட்டம். இந்த ரெயில்கள் மதுரைக்கு வருவது விடியலுக்கு முன்னால். மனுசன் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற நேரம் அது. சில நிமிடம் நிற்கும், கிளம்பிவிடும். கண் திறந்து பார்த்தால் விருதுநகர்! அங்கிருந்து மூட்டை முடிச்சு, பிள்ளை குட்டியோடு சுமார் 45 கிலோ மீட்டர் திரும்பி வர வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டியவருக்கு ஒருநாள் கூலியும் போச்சு.

"அதுக்குத்தான் செல்போன் இருக்கே" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ராத்திரி படம் பார்த்துக்கொண்டே வந்தவர் போனில் 3 மணிக்கு எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கும்? ரெயில் பெட்டிகளில் செல்போன் சார்ஜ் போடும் பிளக்குகளுக்கு இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு ரெயில்வே வலியுறுத்தியது. தீ விபத்து பயம்தான் காரணம். 139 என்ற எண்ணில் பதிவு செய்து வைத்தால், இறங்கும் ஊர் வருவதற்கு முன்பு எழுப்பி விடும் வசதியும் ரெயில்வேயில் உண்டு. அதற்கும் போனில் உயிர் இருக்க வேண்டும், டவர் கிடைக்க வேண்டும்.

பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவற்றில் சில, சுவிட்ச் ஆப் செய்து வைத்தாலும் சொன்ன நேரத்துக்கு அலாரம் அடிக்கும். ஸ்மார்ட் போன்கள் பெரும்பாலும் அணைந்தால் அணைந்ததுதான். அதனால்தான் சட்டைப்பையில் போடுகிற அளவில் ஒரு குட்டி கடிகாரம் தனியாக இருப்பது நல்லது.

ரெயில் பயணிகளுக்கு மட்டும் இல்லை. தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. 2013-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைச் சுற்றுவட்டார கிராமங்களில் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் இருட்டிலேயே எழ வேண்டும். பூ விரிந்துவிட்டால் விலை போய்விடும். முதல் டிரிப் எடுக்கும் டிரைவர், பரீட்சை எழுத வெளியூர் லாட்ஜில் தங்கும் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர் என்று எல்லோருக்கும் இதே பிரச்சினைதான்.

மில் சங்கு சத்தம் கேட்டு ஷிப்டுக்கு எழுந்த தலைமுறை மதுரையில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் ஒரு காலத்தில் காசு வாங்கிக்கொண்டு, நீளமான கழியால் ஜன்னலைத் தட்டி தொழிலாளர்களை எழுப்புவதையே வேலையாகச் செய்தவர்கள் இருந்தார்கள். நினைத்த நேரத்துக்கு மாற்றி வைக்கும் அலாரம் கடிகாரத்துக்கு பிரான்சு நாட்டைச் சேர்ந்த அந்துவான் ரெதியே 1847-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

முள்ளா? நம்பரா?

தலையில் ரெண்டு மணி வைத்து, சாவி கொடுத்து ஓடவிடும் டைம்பீசை நம்ம ஊர் வீடுகளில் பலரும் பார்த்திருப்பார்கள். சத்தம் ஊரையே எழுப்பும். ஆனால் கனம், டிக் டிக் சத்தம், தினமும் சாவி கொடுக்கும் வேலை. பெட்டிக்குள் சாய்ந்து கிடந்தால் ஓட்டத்திலும் கோளாறு வரும். பயணத்துக்கு ஒத்து வராது. கைக்கடிகாரத்துக்குப் பேர் போன எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு எடுத்ததே 2016-ம் ஆண்டுதான். சாவி கொடுக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

இப்போது கிடைப்பது எல்லாம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் ரகம். இதற்கு உள்ளே இருக்கும் படிகக்கல் நொடிக்கு 32 ஆயிரத்து 768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்தால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. விலை மலிவான கடிகாரத்திலும் இதே கல்தான். மாதத்துக்கு அரை நிமிடத்துக்குள்தான் பொதுவாக முன்னே பின்னே போகும். ஆகவே "இது சரியான டைம் காட்டுமா" என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது டைமை அல்ல, அலாரத்தை.

முள் கடிகாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. அதன் வட்டம் 12 மணி நேரம்தான். அதற்குக் காலை, மாலை தெரியாது. மத்தியானம் 2 மணிக்கு வீட்டில் இருந்து கிளம்பும்போதே "நாளைக்கு விடியக்காலை மூன்றரைக்கு அடிக்கட்டும்" என்று முள்ளைத் திருப்பி வைத்தால், அன்றைக்கு சாயந்திரம் மூன்றரைக்கே பைக்குள் இருந்து அலறும். பஸ் நிலையத்தில் ஆள் இல்லாத பைக்குள் இருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. ராத்திரி படுக்கும்போதுதான் அலாரத்தை ஆன் செய்ய வேண்டும்.

அலாரம் முள்ளுக்குத் துல்லியமும் கிடையாது. சில நிமிடம் முன்னே பின்னே அடிக்கும். கால் மணி நேரம் முன்கூட்டியே வைப்பது நல்லது. பின்பக்கம் அலாரம் திருகியின் அருகே அம்புக்குறி போட்டு இருக்கும். அந்தப் பக்கமாக மட்டுமே திருப்ப வேண்டும். அவசரத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினால் சில கடிகாரங்களில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுவிடும்.

நம்பர் காட்டும் டிஜிட்டலில் நிமிட சுத்தமாக அலாரம் வைக்கலாம். அங்கே வேறு தொல்லை. ஏ.எம்., பி.எம். என்ற பொடி எழுத்தைக் கவனிக்காமல் வைத்துவிட்டு ரெயிலைத் தவற விடுவது சகஜம். ரெயில்வே டிக்கெட்டில் போட்டிருப்பது போல 24 மணி நேரக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை. மாற்ற முடியாத கடிகாரம் என்றால் வாங்காமலே விடலாம்.

கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும் என்பவர்களுக்கும், பட்டன் என்றாலே கை நடுங்கும் பெரியவர்களுக்கும் முள் கடிகாரமே மேல். எப்படி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. அலாரம் ஆன், ஆப் என்று மேலே ஒரே ஒரு சுவிட்ச். ரேடியோ, வெப்பமானி, பாட்டு என்று கூடுதல் சங்கதி சேரச் சேர விலையும் ஏறும், பட்டனும் கூடும். தூக்கக் கலக்கத்தில் எதை அமுக்கினோம் என்றே தெரியாது.

சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்

டவுன்ஹால் ரோடு கடையோ, மீனாட்சி பஜாரோ, எங்கே வாங்கினாலும் சரி, பேட்டரியைப் போட்டு அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வெறும் கையில் வைத்துக் கேட்டால் போதாது. கொண்டுபோன துணிப்பைக்குள் போட்டு மூடி, கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கடை அமைதியில் காதைப் பிளக்கும் சத்தம், ஓடுகிற ரெயிலில் கொசு மாதிரி ஆகிவிடும்.

வயதாக ஆக முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற சன்ன சத்தம்தான். காது மந்தமானவர்களை எழுப்ப கனமான, தாழ்ந்த சத்தமே நல்லது என்று ஆராய்ச்சிகளில் தெரிந்ததால், அமெரிக்காவில் படுக்கை அறைகளில் வைக்கும் சில வகை தீ எச்சரிக்கை கருவிகளுக்கு 520 ஹெர்ட்ஸ் ஒலியைப் பரிந்துரைத்து விதியே வகுத்தார்கள். அப்பா, அம்மாவுக்கு வாங்கித் தருகிறவர்கள் தங்கள் காதை நம்பாமல், அவர்களையே கடைக்குக் கூட்டிப்போய் கேட்க வைப்பது நல்லது.

எவ்வளவு நேரம் அடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சில டிஜிட்டல் கடிகாரங்கள் ஒரு நிமிடம் கத்திவிட்டுத் தானாகவே அடங்கிவிடும். 'ஸ்னூஸ்' என்ற பட்டன் இருந்தால், அமுக்கி விட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். வீட்டில் இது சுகம். ரெயிலில் அந்த 5 நிமிடத்தில் மதுரை வந்து போயிருக்கும்.

இருட்டில் மணி பார்க்க லைட் பட்டன் வேண்டும். முள் கடிகாரத்தில் பச்சையாக மின்னுவதை நம்ம ஆட்கள் ரேடியம் என்பார்கள். இன்றைய கடிகாரங்களில் இருப்பது வெளிச்சத்தை உறிஞ்சி வைத்து மின்னும் பூச்சு, ஆபத்து இல்லாதது. நிஜ ரேடியத்தைப் பூசிய காலமும் இருந்தது. 1920-களில் அமெரிக்காவில் தூரிகை நுனியை வாயால் கூராக்கி கடிகாரத்துக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் பலர் தாடை அழுகி இறந்தார்கள். அந்தக் காலத்து வெளிநாட்டு டைம்பீஸ் காயலான் கடையில் கிடைத்தால் ஆசைப்பட்டு பிரிக்க வேண்டாம். மின்னுவது நின்று போயிருக்கும், ரேடியம் நின்று போயிருக்காது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

பேட்டரி

பென்சில் பேட்டரி போடுகிற கடிகாரம்தான் நல்லது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பொத்தான் மாதிரி வட்ட பேட்டரி போடுவது இன்னும் சின்னதாக இருக்கும், ஆனால் அவசரத்துக்குக் கிடைக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது வேண்டவே வேண்டாம். நாணயம் போன்ற லித்தியம் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓட வேண்டும்.

முள் ஓடுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி ஏமாறாதீர்கள். முள்ளை நகர்த்தக் கொஞ்சம் மின்சாரம் போதும், கத்துவதற்கு அதிகம் வேண்டும். பேட்டரி தீரும் நேரத்தில் கடிகாரம் ஓடும், அலாரம் முனகும். ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒரு தடவை அடிக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து உள்ளே துருப்பிடித்துவிடும்.

பெட்டிக்குள் கிடக்கும்போது சுவிட்ச் தானாக அமுங்காமல் இருக்க, மடக்கி மூடும் மூடி வைத்ததாகப் பாருங்கள். அந்த மூடியையே திருப்பி ஸ்டாண்டாக நிறுத்தலாம்.

எத்தனை மணிக்கு வைப்பது?

ரெயில் லேட் ஆவது கடிகாரத்துக்குத் தெரியாது. மதுரை வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அதாவது திண்டுக்கல் கணக்குக்கு வைப்பதே பத்திரம். எழுந்து பார்த்தால் ரெயில் திண்டுக்கல்லையே தாண்டவில்லை என்றால், மறுபடி ஒரு மணி நேரம் தள்ளி வைத்துப் படுக்கலாம். கொடைரோடு, சோழவந்தான் போய்விட்டதென்றால் இனி படுக்கக்கூடாது. கூடல்நகர் போர்டு கண்ணில் பட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். அடுத்து வைகைப் பாலம், அதைத் தாண்டினால் ஜங்ஷன்.

மேல் பெர்த்தில் படுப்பவர்கள் கடிகாரத்தைத் தலைமாட்டில் சும்மா வைத்தால் ரெயில் குலுங்கும்போது கீழே படுத்திருப்பவர் தலையில் விழும். ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு கொக்கியில் மாட்டி, காதுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கீழே படுப்பவரிடமும் "மதுரையில் இறங்கணும் அண்ணே, அடிச்சா நான் எழலைன்னா ஒரு தட்டு தட்டுங்க" என்று சொல்லி வைக்கலாம்.