உஷார்! இருளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டக் கூப்பிடுகிறார்களா?

டொரன்டோ, லண்டன், சிட்னியில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவர்கள் பிள்ளைகளை அழைத்துவர மீனம்பாக்கத்துக்குக் கார் அனுப்பும் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கும் அவசரமாக ஒரு வார்த்தை. “கோடை விடுமுறையில் தமிழ்நாட்டுக்கு வாருங்கள், பழங்குடிக் குழந்தைகளுக்குப் பசுமைப் பள்ளி கட்டுங்கள்” என்று யாராவது அழைத்தால், பணம் கட்டும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

உலகம் முழுக்க இது பெரிய வியாபாரம். போகிறவர் கட்டணம் கட்டுவார், இரண்டு வாரம் செங்கல் அடுக்குவார், குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுப்பார், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு சான்றிதழோடு ஊர் திரும்புவார். திருவள்ளூர் மாவட்டம் இதற்கு ரொம்ப வாகான இடம். விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டினால் செங்கல் சூளை, அரிசி ஆலை, ஏரிக்கரை இருளர் குடிசை என்று படம் பிடிக்க எல்லாமே இருக்கிறது. அதனால்தான் பதற்றத்தோடு எழுதுகிறேன்.

கல் அடுக்க ஆள் வேண்டாம்

2014இல் பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் தன் அனுபவத்தை எழுதினார். பள்ளிப் பருவத்தில் தான்சானியாவுக்குப் போய் அவரும் தோழிகளும் பகலெல்லாம் சுவர் எழுப்பினார்கள். சுவர் கோணலாக வந்ததால், உள்ளூர் ஆட்கள் ராத்திரியில் அதைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். விடிந்ததும் அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு.

அதே வேலையைத் திருவள்ளூரில் செய்வது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை. சென்னையின் கட்டடங்களுக்குக் கல் அறுக்கிற சூளைகள் இந்த மாவட்டத்தில்தான் வரிசையாக நிற்கின்றன. ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்களும், நம் இருளர்களும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அறுக்கிறார்கள். பச்சைக்கல்லை வெயிலில் திருப்பிப் போடுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். கல் நசுங்காமல் அதன் மேல் நடக்க அவர்களின் சின்னக் கால்களும் குறைந்த எடையும் தோதாம்! இந்தப் பிள்ளைக்குக் கல் அடுக்கிக் காட்ட டொரன்டோவிலிருந்து ஆள் வர வேண்டுமா?

காலக்கணக்கும் உதைக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். சூளை வேலையோ பெரும்பாலும் மார்கழி, தையில் தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும். விருந்தாளி வந்து இறங்கும்போது ஒடியாப் பிள்ளைகள் ஒடிசாவின் பலாங்கீர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். “சூளைக் குழந்தைகளுக்குப் பள்ளி” என்று ஜூலை மாதத்துக்கு ஒருவர் அழைத்தாலே சந்தேகப்படுங்கள்.

ஓலைக்கூரை அழகா?

மூங்கில், மண் சுவர், ஓலை என்று பசுமைப் பள்ளியின் படங்கள் கண்ணைப் பறிக்கும். 2004 ஜூலை 16 நினைவிருக்கிறதா? கும்பகோணத்தில் சத்துணவு அடுப்பின் தீ ஓலைக்கூரையில் பிடித்து 94 பிள்ளைகள் மாண்டார்கள். அதன்பிறகுதான் பள்ளிகளில் ஓலைக்கூரை வேண்டாம் என்று அரசு பிடித்துக்கொண்டது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சியில்லாத கைகள் பொழுதுபோக்காக எழுப்பும் சுவரின் கீழ் நம் பிள்ளையை உட்கார வைப்போமா? இருளர் பிள்ளையை மட்டும் எப்படி உட்கார வைப்பது?

சட்டமும் சும்மா இருக்காது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதன்பிறகும் நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். நிலம் யாருடையது என்பது அடுத்த சிக்கல். இருளர் குடியிருப்புகள் பல ஏரிப் புறம்போக்கில், பட்டா இல்லாமல் இருக்கின்றன. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நீங்கள் கட்டிய பள்ளியை இடிக்க ஜேசிபி வந்து நிற்கும்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். அந்த மக்கள்தான் இருப்பார்கள்.

பணத்தில் கண்ணி

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் கனடாவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை வாங்கியவரா? ஓசிஐ அட்டை இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் நன்கொடை வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்கும் அமைப்பு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை. ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் கூடாது. “அண்ணே, என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க” என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

விசாவையும் பாருங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத குறுகிய காலத் தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. “ஆறு மாசம் தங்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க” என்பவரின் பேச்சை நம்பி உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பிள்ளைகள் பக்கம் இருந்து

பூட்டு இல்லாத கதவு போல எந்த வெள்ளைக்காரரும் எந்த என்ஆர்ஐயும் உள்ளே வரலாம் என்றிருக்கும் இடத்துக்கு நல்லவர் மட்டும்தான் வருவாரா? மும்பை கொலாபாவின் ஆங்கரேஜ் காப்பகத்தை நடத்திய பிரிட்டிஷ்காரர்கள் அங்கிருந்த சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சீரழித்தார்கள். அவர்களின் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம்தான் உறுதி செய்தது. நேபாளத்தில் விருந்தாளிகள் தரும் டாலருக்காகவே, பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளை அநாதை என்று காப்பகங்களில் சேர்த்தார்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு யுனிசெஃப் இதைப் பற்றி எச்சரித்தது.

ஊர்த் தலைவர்களும் தலைமை ஆசிரியர்களும் கேளுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புக் கடிதம் இல்லாதவரை வகுப்பறைக்குள் விடாதீர்கள். பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைப் படம் எடுக்க விடாதீர்கள். சிப்காட் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் அதிகாரிகளும் விருந்தாளியோடு ரிப்பன் வெட்டும் முன் இதையே கேட்க வேண்டும்.

உண்மையில் என்ன குறை?

இருளர் பிள்ளை பாதியில் நிற்பதற்குக் கட்டடம் இல்லாதது மட்டும் காரணமில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியாதவரை குடும்பம் சூளையையோ ஆலையையோ விட்டு நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இன்றும் மீட்பு நடக்கிறது. மீட்டவர்களுக்கு விடுதலைச் சான்று தருவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். மேல்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் தேவையான பழங்குடிச் சான்றிதழும் அதே மேசையிலிருந்துதான் வர வேண்டும். அந்த இரண்டு தாளுக்காக ஒரு தாய் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு பொன்னேரிக்கு நடக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

வேலை செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்தி, தாய்த்தமிழ்ப் பள்ளியையும் வளர்த்தவர். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல்களை வரவழைத்துக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டை சர்வ சிக்ஷா அபியான் செய்தது. மொழி தெரிந்த ஆசிரியர்தான் அங்கே தேவை, இரண்டு வாரம் ஆங்கிலப் பாட்டு சொல்லித்தருகிறவர் இல்லை.

என்ன செய்யலாம்?

அழைப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள்: நிலத்தின் பட்டா யார் பெயரில்? அங்கீகாரம் உண்டா? எஃப்சிஆர்ஏ எண் என்ன? நாங்கள் போனபின் ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருவார்? அரசுப் பள்ளி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, பிள்ளைகள் ஏன் அங்கே போகவில்லை? ஐந்தில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் விலகுங்கள். எஃப்சிஆர்ஏ எண்ணை உள்துறை அமைச்சகத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

கொடுக்க மனசு இருக்கிறவர்களுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்தே தரலாம். விமான டிக்கெட் பணம் ஓர் அரசுப் பள்ளியின் கழிப்பறைக்கோ குடிநீருக்கோ போகட்டும்.

பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098. பள்ளி பற்றிய சந்தேகத்துக்கு 14417. பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930. தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். இதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இன்றே போட்டுவிடுங்கள். கோடை டிக்கெட் எடுக்கும் மாதம் நெருங்குகிறது.