கூட்டாக வாங்குவோரும் 25 வருஷ உத்தரவாதமும்

ஒரு தெருவிலுள்ள பத்து வீட்டார் ஒன்றுகூடி, தங்கள் மொட்டை மாடிகளுக்கு வேண்டிய சோலார் பேனல்களை ஏககாலத்தில் வாங்குவதென்று தீர்மானித்து, நாலைந்து வியாபாரிகளிடம் கொட்டேஷன் கேட்பது எல்லா வகையிலும் வரவேற்கத்தக்க காரியம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, வீடொன்றுக்கு 78,000 ரூபாய் வரையில் மானியம் கிடைப்பதால், சாமானியக் குடும்பங்களுக்கும் இந்த யோசனை எட்டக்கூடியதாகிவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், போர்ட்லண்டு நகரின் தென்கிழக்குப் பகுதிவாசிகள் 2009-லேயே இவ்வாறு கூட்டுச் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒப்பந்தக்காரரைத் தேர்ந்துகொண்டார்கள். 'சோலரைஸ்' என்ற பெயரோடு அந்த முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது.

கூட்டாக வாங்கும்போது விலை இறங்குவதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. 540 வாட் பேனல்கள் ஆறு சேர்ந்தால் மூன்று கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாகும். பத்து வீட்டுக்கு அறுபது பேனல்கள் என்னும்போது, ஒரு லாரியில் சரக்கு வந்து, ஒரே கோஷ்டி ஆட்கள் வீடு வீடாக வேலையை முடித்துக்கொண்டு போக, வாடிக்கையாளரைத் தேடி அலையும் செலவும் வியாபாரிக்கு மிச்சமாகிறது. இந்த மிச்சத்தில் பங்கு கேட்பது நியாயம். அதற்கு மேலும் நெருக்கினால், வியாபாரி தம் லாபத்தை விட்டுக்கொடுப்பதைவிட, தாங்கும் இரும்புச் சட்டத்தின் கனத்தையும், அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சையும், எர்த்திங் வேலையையும், கேபிளின் தரத்தையும் குறைத்துக்கொள்ளவே அதிக இடமுண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியதைக் கண்டவர்களுக்கும், கடற்கரையோரத்து உப்புக்காற்று கிராதிக் கம்பிகளை அரித்துத் தின்பதை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்கும், இந்தக் குறைப்பின் விளைவை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்குகிறவர் பந்தி முடிந்ததும் கடைக்காரரை மறந்துவிடலாம். பேனல் வாங்குகிறவரோ, பிறகு கால் நூற்றாண்டுக் காலம் விற்றவரோடும் செய்தவரோடும் சம்பந்தம் வைத்துக்கொண்டாக வேண்டும்.

அந்தச் சம்பந்தத்துக்கு ஆதாரமாயிருப்பது வாரண்டிப் பத்திரம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் விளங்கும் 25 வருஷம் என்பது, பெரும்பாலும், உற்பத்தித் திறனைக் குறித்த உத்தரவாதமே. முதல் வருஷத்தில் 2 சதவிகிதமும், அதன்பின் வருஷத்துக்கு 0.55 சதவிகிதமும் குறையலாம் என்று பத்திரம் சொல்லுமானால், 25-ஆம் வருஷ முடிவில் 84.8 சதவிகிதம் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கண்ணாடி, சட்டம், பின்புறத்து ஜங்ஷன் பெட்டி முதலியவற்றில் ஏற்படும் செய்நேர்த்திக் குறைகளுக்கான உத்தரவாதம் வேறு; பல கம்பெனிகள் அதை 10 அல்லது 12 வருஷத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆகவே 14-ஆம் வருஷத்தில் ஜங்ஷன் பெட்டி கருகிப்போனால், 25 வருஷம் என்ற வாசகத்தை நம்பியிருந்தவருக்கு உதவி கிடைப்பது சந்தேகமே. இன்வெர்ட்டருக்கோ சாதாரணமாக 5 முதல் 10 வருஷம்தான். பேனல்களின் ஆயுளுக்குள் அதை ஒரு தடவையாவது மாற்ற நேரிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே விவேகம்.

உற்பத்தித் திறனைப் பற்றிய வாக்குறுதியிலும் கவனிக்கத்தக்க ஒரு சிக்கல் உண்டு. பேனலின் வாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும், செல்லின் உஷ்ணநிலை 25 டிகிரியுமாக உள்ள சோதனைச் சாலை நிலையில் அளக்கப்படுவது. நம் ஊர் சித்திரை வெயிலில் மாடிமேல் கிடக்கும் பேனலின் உஷ்ணம் 60 டிகிரியை எட்ட, டிகிரிக்கு 0.35 சதவிகிதம் வீதம் குறைந்து, புத்தம் புதிய பேனலே அந்த நேரத்தில் சுமார் 12 சதவிகிதம் குறைவாகத்தான் மின்சாரம் தரும். இது குறையன்று, சிலிக்கனின் இயல்பு. ஆனால் இயல்பான இந்தக் குறைவையும், உத்தரவாதத்துக்குட்பட்ட தேய்வையும், தனியொரு வீட்டுக்காரர் தம் மீட்டரை வைத்துக்கொண்டு பிரித்தறிவது எப்படி? பேனலைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் நிரூபிக்க வேண்டும். கழற்றும் கூலியையும் லாரி வாடகையையும் பல பத்திரங்கள் வாங்கினவர் தலையிலேயே சுமத்துகின்றன.

வாக்களித்த ஸ்தாபனம் அதுவரையில் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாகப் பேனல் செய்து விற்ற சீனத்து சன்டெக் கம்பெனியின் பிரதான உற்பத்திப் பிரிவு 2013-ல் திவாலாயிற்று. அதற்கு முந்தைய வருஷம் ஜெர்மனியின் க்யூ-செல்ஸும், 2024-ல் அமெரிக்காவின் சன்பவரும் அதே கதியை அடைந்தன. ஆதலால், பெயரின் பெருமையை மட்டும் நம்பாமல், கம்பெனியின் வரவுசெலவு நிலையையும், உள்ளூரில் அதற்குச் சேவை நிலையம் இருக்கிறதா என்பதையும் விசாரித்தறிவது அவசியம்.

கூட்டின் பேரம் பேசும் பலத்தை விலையிலேயே செலவழித்துவிடலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வாட்டுக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கேட்கும் வியாபாரி செய்நேர்த்தி உத்தரவாதத்தை 12-லிருந்து 25 வருஷமாக நீட்டித் தருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று கிலோவாட்டுக்கு வித்தியாசம் 6,000 ரூபாய். வருஷத்துக்குப் பங்கிட்டால் 240 ரூபாய். தனியொருவர் கேட்டால் தட்டிக்கழிக்கக்கூடிய நிபந்தனைகளைப் பத்து வீட்டாருக்கு மறுப்பது வியாபாரிக்கு எளிதன்று: பழுதான பேனலைக் கழற்றி மாட்டும் கூலி அவருடையது, நெட் மீட்டர் பொருத்தி மின்சாரம் ஓடத் தொடங்கும் வரையில் பணத்தில் ஒரு பகுதி நம்மிடமே நிற்கும், ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பரும், தொழிற்சாலையில் அதைச் சோதித்த அறிக்கையும் நம் கைக்கு வரும். பேரம் பொதுவானாலும் பில் பொதுவாயிருக்கக் கூடாது. உத்தரவாதமும் மானியமும் உரியவரைச் சேர வேண்டுமானால், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கே, அந்த வீட்டுப் பேனல்களின் நம்பர்களோடு, தனித்தனியாக பில் வாங்க வேண்டும்.

கூட்டினால் விளையும் இன்னொரு பெரிய அனுகூலத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே சமயத்தில் செய்த பேனல்கள், ஏறக்குறைய ஒரே சாய்வு என்று அமைந்துவிட்டபடியால், இன்வெர்ட்டர் காட்டும் யூனிட் கணக்கை மாதந்தோறும் பத்து வீட்டாரும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், எந்த மாடியில் தேய்வு அதிகம் என்பது ஆய்வுக்கூடத்தின் உதவியில்லாமலே வெளிப்பட்டுவிடும். மேகமோ உஷ்ணமோ காரணமென்றால் எல்லா வீட்டிலும் குறைந்திருக்கும். ஒரு வீட்டில் மட்டும் குறைந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. பக்கத்துத் தென்னையின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ எந்த மாடியில் எத்தனை மணிக்கு விழுகிறது என்பதையும், பேனல் பொருத்திய முதல் மாதத்திலேயே அந்த நோட்டில் எழுதிவைத்துவிட்டால், பின்னால் புகார் கொடுக்கும்போது நிழலின்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளக் கம்பெனிக்கு வழியிராது.