முதலில் மரச்சீனி, பிறகு கடன்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் அயல்கூட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1998-இல் கேரளம் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடிமட்டக் குழு அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் 10 முதல் 20 பேர், உறுப்பினர் ஒருவர் வீட்டில் வாராவாரம் கூடுவார்கள். பல வருடப் பழக்கம் என்பதால் அறிமுகம் தேவையில்லை. ஆனாலும் கடன் யாருக்கு, பாக்கி எவ்வளவு என்று பேச்சு வந்ததும் இரண்டு மூன்று குரல்தான் கேட்கும். வீட்டில் தமிழ், பதிவேட்டில் மலையாளம் என்று இருக்கும் பெண் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வார்.

தயக்கம் போக்கும் விளையாட்டுக்கு இங்கே வேலை ஒன்றுதான். பணப்பேச்சுக்கு முன்பே ஒவ்வொருவரும் ஒருமுறை வாய் திறந்திருக்க வேண்டும். ஒருமுறை பேசியவருக்கு மறுமுறை பேசுவது அவ்வளவு கடினமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில்கூட, கத்தி வைக்குமுன் குழுவில் எல்லோரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஏதாவது தவறு கண்ணில் பட்டால் இளைய நர்ஸும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

எல்லோரும் வரிசையாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுதான் விளையாட்டு. அந்தக் கேள்வியைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. "மரச்சீனி அவிச்சா உங்க வீட்டில் கூட்டிச் சாப்பிட என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மீன்கறி என்பார் ஒருவர், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்பார் இன்னொருவர். தப்பான விடை கிடையாது. படிப்பு வேண்டாம். தமிழிலும் சொல்லலாம், மலையாளத்திலும் சொல்லலாம். பிள்ளையின் மார்க், கணவரின் வேலை என்று கேட்டாலோ யாராவது ஒருவர் கூனிக் குறுகிப் போவார். வயதான பாட்டிமாரை ஓடவும் குதிக்கவும் வைக்கும் ஆட்டங்களும் வேண்டாம்.

தலைவியும் செயலாளரும் கடைசியில் சொல்லட்டும். அவர்கள் முந்திக்கொண்டால் மற்றவர்கள் அதையே ஒப்பிப்பார்கள். சுற்று முடிந்த கையோடு கடன் விஷயத்தையும் அதே வரிசையில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இதை விட்டால் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காகவே நின்றுவிடும்.

கிராமசபை போன்ற பெரிய கூட்டத்தில் இப்படிச் சுற்றிவர முடியாது. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் கிராமசபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைத்தார்கள். மைக் முன் நிற்கக் கூசுகிறவர்களும் அப்படிச் சிறு வட்டத்துக்குள் பேசிவிடுவார்கள்.

அயல்கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாராளம். அன்று கடன் பேச்சில் வாய் திறக்காதவர் யார் என்று செயலாளர் மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரச் சுற்றை வரிசையில் அவருக்கு முந்தைய இடத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்கலாம். இரண்டாவதாகப் பேசுவது முதலாவதைவிட எளிது.