இல்லக் கல்வியும் பாடக் குறிப்பேடும்

கருவி காரியத்தின் பொருட்டு அமைவதேயன்றிக் காரியம் கருவியின் பொருட்டு அமைவதன்று. இவ்வுண்மையை நன்குணர்ந்தோரும் கல்வித் துறையிற் புகுந்தவுடன் அதனை மறந்துவிடக் காண்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உள. அவற்றுள் பழைய இலத்தீன் பூசை முறையைப் போற்றி ஒழுகும் குடும்பங்கள், ஆண்டுதோறும் பாடத் தொடக்கத்தில் ஒரு வினாவை எதிர்நோக்குகின்றன. எந்நூல்களை வாங்குவது, எத்தகைய குறிப்பேட்டிற் பாடங்களை வகுத்தெழுதுவது என்பதே அவ்வினா. பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களையும், எழுதிய குறிப்பின்படி நடவாத வகுப்புக்களையும் ஒருங்கே கண்டறிந்த நமக்கு இவ்வினா அயலானதன்று.

முதற்கண், இவ்வுரிமை எங்ஙனம் நிலைபெற்றதென்பதை அறிதல் வேண்டும். 1922-ஆம் ஆண்டில் ஒரிகன் மாகாணம், பிள்ளைகள் அனைவரும் அரசாங்கப் பள்ளிகளிலேயே பயிலுமாறு கட்டாயச் சட்டம் ஒன்றை இயற்றியது. கன்னியர் சபையொன்று தொடுத்த வழக்கில், 1925-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை வளர்த்துக் கற்பிக்கும் நெறியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருடையது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. பதினோராம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி 1929-ஆம் ஆண்டு விடுத்த சுற்று மடலில் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டினார். அது தனிப் பள்ளிகளைப் பற்றிய வழக்கேயாயினும், இல்லக் கல்வியை வேண்டினோர் பின்னாளில் அதனைத் தம் உரிமைக்கு ஆதாரமாகக் கொண்டனர். இன்று அந்நாட்டின் 50 மாகாணங்களிலும் இல்லக் கல்வி சட்டத்திற்கு இசைந்ததே.

ஆயினும், சட்டம் வேண்டுவது மாகாணந்தோறும் வேறுபடும். டெக்ஸஸ் மாகாணத்தில் பெற்றோர் ஆண்டுதோறும் அறிக்கை விடுக்க வேண்டுவதில்லை; எழுதப்பட்ட பாடத்திட்டத்தின்படி உண்மையாகக் கற்பித்தாற் போதும். பென்ஸில்வேனியா மாகாணத்திலோ 180 நாட்கள், அன்றேல் தொடக்க வகுப்பினர்க்கு 900 மணி நேரமும் உயர் வகுப்பினர்க்கு 990 மணி நேரமும் கற்பித்தல் வேண்டும். அன்றியும், பிள்ளை பயின்ற நூல்களின் பெயர்களைக் கற்பிக்குங் காலத்திலேயே பதிந்து வருதல் வேண்டும். இவ்விடத்து ஒரு நுட்பத்தை நோக்குக. சட்டம் கேட்பது செய்யக் கருதிய திட்டத்தை மட்டுமன்று. செய்து முடித்ததன் பதிவையுமாம். ஆதலின், குறிப்பேடு வாங்குமுன் தம் மாகாணச் சட்டத்தைப் படித்து, கருதியதை எழுத ஓரிடமும் நடந்ததை எழுத ஓரிடமும் உள்ள ஏட்டைத் தெரிதல் அறிவுடைமையாம்.

இரண்டாவது, அவ்வில்லத்தார் கைக்கொள்ளும் திருநாட் கிரமத்தை நோக்குதல் வேண்டும். 1969-ஆம் ஆண்டில் ரோமைத் திருச்சபையின் திருநாட் பட்டியல் திருத்தப்பட்டது. 1962-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்தைப் பின்பற்றுவோர் பழைய பட்டியலின்படியே நடக்கின்றனர். கல்விச்சாலைகளின் பாதுகாவலராகிய அர்ச். தோமாஸ் அக்குவினாஸின் திருநாள் பழைய முறையில் மார்ச்சு 7; புதிய முறையில் ஜனவரி 28. கிறிஸ்து அரசர் திருநாள் பழைய முறையில் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு; புதிய முறையிலோ ஆகமன காலத்திற்கு முந்திய ஞாயிறு. ஆகவே, அழகிய அட்டை கண்டு மயங்கி, வேறு முறைப்படி நாட்கள் அச்சிடப்பெற்ற ஏட்டை வாங்குவாராயின், வீட்டிலே ஒரு திருநாளும் கோயிலிலே மற்றொரு திருநாளுமாகப் பிள்ளைகள் மயங்குவர்.

மூன்றாவது, நூல்கள். பால்டிமோர் ஞானோபதேசம் எனப்படும் வினாவிடை நூல் 1885-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முதற் புத்தகம் சிறுவர்க்கும், இரண்டாவதும் மூன்றாவதும் வளர்ந்தோர்க்கும், நான்காவது கற்பிப்போர்க்கும் உரியன. இதன் பயன் யாது? மூன்று பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே பொருளைத் தத்தம் தகுதிக்கேற்பக் கற்கலாம். தாய்க்கு மூன்று பாடவேளைகள் ஒன்றாகக் குறையும். இனி, வர்ஜீனியா மாகாணத்திலுள்ள ஸீட்டன் இல்லப் பள்ளி போன்ற நிலையங்கள் அன்றாடப் பாடங்களை வகுத்தளித்துத் தேர்வுத் தாள்களையும் திருத்துகின்றன. தாமே பாடத்திட்டம் வகுக்க விரும்புவோர்க்கு லாரா பெர்க்விஸ்ட் அம்மையார் எழுதிய நூல் துணைசெய்யும். முன்னது அநுபவமில்லாதோர்க்கு ஊன்றுகோல். பின்னது நடை பழகினோர்க்கு வழிகாட்டி. இரண்டையும் ஒருங்கே வாங்கிச் சுமப்பது வீண் பாரமேயாம்.

இறுதியாக, யாவற்றினும் மேலாக எண்ணத்தக்கது தாயின் வலிமை. மேற்கூறிய இரண்டாம் புத்தகத்தில் 37 பாடங்கள் உள. வாரத்திற்கு ஐந்து நாளாக 180 நாட்களும் 36 வாரங்களாகும். வாரம் ஒரு பாடமாகத் தேதியிட்டு எழுதிவிடல் எளிது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இரு வாரங்கள் கழியுமாயின், அவ்வேட்டின் வெற்றுக் கட்டங்கள் அவளைப் பழிப்பனபோல் தோன்றும். அவள் விரைவாள்; பிள்ளை மனப்பாடஞ் செய்யும்; பொருள் மனத்திற் பதியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ? ஆகலின், தேதிக்கு மாறாகப் பாட எண்ணை வரிசையாக எழுதுவதும், நான்கு நாட்களுக்கே புதுப்பாடம் வகுத்து ஐந்தாம் நாளை நிலுவைக்கென ஒழித்து வைப்பதும் நலம் பயக்கும். பதின்மூன்றாம் பாடத்திற்குப் பின் பதினான்காம் பாடம் என்றைக்கு வரினும் அது பதினான்காம் பாடமே, அதிற் குற்றமில்லை.

இங்ஙனம் சட்டம், திருநாட் கிரமம், நூல், தாயின் வலிமை என்னும் நான்கையும் முன்னர் ஆராய்ந்து, குறிப்பேட்டைக் கடைசியில் வாங்குவதே முறை. அதனை முதலில் வாங்குவோர், சட்டைக்கு ஏற்ப உடலைக் குறைக்க முயல்வோரை ஒப்பர். நிரம்பிய கட்டங்கள் கற்றதற்குச் சான்றாகா. பிள்ளை தன் சொல்லால் எடுத்துரைப்பதே சான்றாகும். நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் நம் மாணவ நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.