நாய்களில் வெப்பத் தாக்கம்

நாய்களில் வெப்பத் தாக்கம் என்பது, உடலில் சேரும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் நாயின் உடல் வெப்பநிலை அளவுக்கு மீறி உயரும் நிலையாகும். நலமான நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை இருக்கும். அது 41 பாகையைக் கடந்தால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம்.

காரணங்கள்

நாய்க்கு முக்கியமாகப் பாதங்களின் அடியில்தான் வியர்க்கும். எனவே நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது உடலைக் குளிர்விக்கிறது. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். ஆதலால் சென்னை போன்ற கடலோர ஊர்களில் நிழலில் கட்டிய நாயும் பாதிக்கப்படலாம். பக், புல்டாக் முதலிய தட்டை முக இனங்களுக்கும், பருமனான அல்லது முதிய நாய்களுக்கும் இடர் அதிகம். வெளியில் 24 பாகை இருக்கும்போதே, வெயிலில் நிற்கும் மூடிய மகிழுந்தினுள் 10 நிமிடத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 34 பாகையை எட்டும்.

அறிகுறிகள்

இடைவிடாத இரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு கடுஞ்சிவப்பாதல், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு.

முதலுதவி

மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நாயை நிழலுக்கு மாற்றி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்று படச் செய்ய வேண்டும். மாடித் தொட்டி நீர் கோடையில் சுடும் என்பதால் நிழலில் வைத்த குடத்து நீர் ஏற்றது. ஈரத்துணியைப் போர்த்தி வைத்தால் வெப்பம் உள்ளேயே தேங்கும். உணர்விழந்த நாயின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. இது காய்ச்சல் அன்று. பாராசிட்டமால் பயன் தராது, நஞ்சாகவும் ஆகலாம். நாய் தேறியதுபோல் தோன்றினாலும் உள்ளுறுப்புப் பாதிப்பு பின்னர் வெளிப்படலாம் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

தடுப்பு

கத்திரி வெயில் காலத்தில் அதிகாலையிலோ இரவிலோ மட்டும் நடக்க அழைத்துச் செல்லலாம். புறங்கையைச் சில நொடிகள் வைக்க முடியாத தார்ச்சாலை நாயின் பாதத்தையும் சுடும். நிழலும் காற்றோட்டமும் குடிநீரும் எப்போதும் எட்டும்படி இருக்க வேண்டும்.